விரதம் இருந்த பவளங்கள்

எங்கள் வீட்டில் எழுத்து வாசிப்பது என் வேலை. தோட்டத்துக்குப் போடும் பசளைப் பையில் என்ன எழுதியிருக்கிறது, மருந்துப் போத்தலில் எத்தனை வேளை என்று போட்டிருக்கிறது, பிரதேச செயலகத்திலிருந்து வந்த கடிதம் என்ன கேட்கிறது, எல்லாம் என்னிடம்தான் வரும். அப்பாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். அம்மாவுக்கு அதுவும் வராது, கைநாட்டு. இரண்டு பேரும் பால்பல் விழுகிற வயதிலேயே மற்றவர்களுடைய தோட்டங்களில் களை பிடுங்கப் போனவர்கள். நான் பள்ளிக்கூடம் போனேன், பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தேன், இப்போது பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இதைச் சொல்லும்போது என் தலை தானாக நிமிரும். நிமிராமல் சொல்ல இன்னும் பழகவில்லை.

அச்சுவேலிப் பக்கம் எங்கள் வீடு. வீட்டோடு ஒட்டினாற்போல, தனி வாசல் வைத்த ஓர் அறை இருக்கிறது. அதில் வாடகைக்கு இருந்தவர் ஒரு டொக்டர் அக்கா. சொந்த இடம் மன்னார். தெல்லிப்பழை ஆசுப்பத்திரிக்கு ஸ்கூட்டரில் போய்வருவார். அவர் குடிவந்த அன்று கட்டிலுக்கும் அலுமாரிக்கும் முன்னால் இறங்கியது மூன்றடி நீளமான ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் கடல் தண்ணீர், கல்லுகள், கல்லுகளின் மேல் ஐந்து பவளத் துண்டுகள். எங்கள் கடலிலிருந்து பவளத்தில் ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது, அது குற்றம். இவை கொழும்பில் ஒருவர் தன் தொட்டியிலேயே வளர்த்து, கிளை ஒடித்து, சின்னக் கல்லில் ஒட்டிக் கொடுத்தவை.

ஒன்று மான்கொம்பு போலக் கிளைத்து, நுனி மட்டும் ஊதா. ஒன்று தட்டையாக விரிந்து றோஸ் நிறத்தில் இருந்தது. ஒன்று பச்சை உருண்டை. இன்னொன்றில் செம்மஞ்சள் வட்டங்கள் நெருங்கிக் கிடந்தன. ஐந்தாவது அடர்ந்த புதர் மாதிரி, நாவல்பழ நிறம். அந்தப் புதருக்குள் வெள்ளை உடம்பில் கறுப்புக் கோடு போட்ட மூன்று குட்டி மீன்கள் குடியிருந்தன. அவற்றை விட்டால் பாசி மேய்கிற ஒரு பழுப்பு மீன்.

முதன்முதலில் பார்த்தபோது அம்மா கேட்டார்: "இது பூவோ, கல்லோ?"

"பிராணி, அம்மா. ஒவ்வொரு புள்ளியும் ஒரு வாய்."

"வாய் இருந்தால் சாப்பாடு கேக்குமே."

"இல்லை, இது வெளிச்சத்திலை சீவிக்கிறது," என்றேன்.

நான் சொன்னது பாதி சரி. பவளத்தின் தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. அது வெளிச்சத்தில் சமைத்துத் தானும் சாப்பிட்டு, வீட்டுக்காரருக்கும் வாடகை போலக் கொடுக்கிறது. அந்தப் பாசியின் மண்ணிறமும் பவளம் தானே உண்டாக்கும் சாயங்களும் சேர்ந்துதான் நாம் காணும் நிறம். பரீட்சையில் இதை இரண்டு பக்கத்துக்கு எழுதி நல்ல புள்ளி வாங்கியிருந்தேன். மிச்சப் பாதியைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது.

ஆடி மாதம் அக்காவை ஆறு மாதப் பயிற்சிக்காகக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அறையை விடாமல் வைத்திருந்தார். தொட்டியை யார் பார்ப்பது என்ற கேள்வி வந்தது.

"நான் பாப்பன் அக்கா. விலங்கியல் படிச்சனான்," என்றேன்.

"அப்ப எனக்கென்ன கவலை?" என்றார். பிறகு மான்கொம்புப் பவளத்தைக் காட்டினார். நகக்கண் அளவு துண்டாக வாங்கி, வேலை மாறிய இடமெல்லாம் வாளியில் காவித் திரிந்து வளர்த்தது அது. "செத்தால் பரவாயில்லை எண்டு உமக்குச் சொல்ல மாட்டன். பொய் சொல்லக் கூடாதல்லோ. கிழமைக்கு ஒரு படம் அனுப்பும், காணும்."

ஒரு தாளில் எல்லாம் எழுதி ஒட்டிவிட்டுப் போனார். விளக்கு எத்தனை மணித்தியாலம், தண்ணீர் எப்போது மாற்றுவது, காலையும் மாலையும் மீனுக்குச் சாப்பாடு. உறைந்த சாப்பாட்டை எங்கள் குசினிப் பிரிட்ஜில் வைத்திருந்தார். அப்பா லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் வளலாய்க் கரைக்குப் போய் நீலக் கான்களில் கடல் தண்ணீர் அள்ளிக்கொண்டு வருவார். "ஊரெல்லாம் கிணத்திலை உப்பு வந்திட்டுது எண்டு அழுகுது. நான் உப்புத்தண்ணியை வீட்டுக்குக் காவுறன்," என்று வழியில் காண்கிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார்.

மூன்று கிழமை ஒரு குறையும் இல்லை. பிறகு நல்லூர்க் கோவிலில் இருபத்தைந்து நாள் திருவிழாவுக்குக் கொடியேறும் நாள் வந்தது.

கொடியேற்றத்துக்கு முதல் நாள் அம்மா வீட்டைத் தலைகீழாக்கிக் கழுவுவார். மச்சம் காய்ச்சுகிற சட்டிகள் கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய்விடும். தீர்த்தம் முடிந்து, கடைசிப் படையலான வைரவர் மடையும் முடியும்வரை மீனோ இறைச்சியோ முட்டையோ படலை தாண்டாது. அன்று பிரிட்ஜைத் துடைத்துக்கொண்டிருந்தவர் ஒரு பக்கெற்றைத் தூக்கிப் பிடித்தார்.

"பிள்ளை, இதென்ன இது?"

"மீன்ரை சாப்பாடு."

"அது தெரியும். மச்சமோ சைவமோ?"

ஆங்கிலத்தில் பொடி எழுத்து. நான் வாங்கி வாசித்தேன். "றால், கணவாய், மீனெண்ணெய்."

"சிவ சிவா! அப்ப அந்த டப்பா?"

அதையும் வாசித்தேன். "மீன் தூள்."

"கொடியேறுற நேரத்திலை, சாமியறைக்கு அடுத்த குசினியிலை!"

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பா கேட்டார்: "இஞ்சேர், தொட்டிக்குள்ளை உயிரோடை நிக்கிற மீன் மச்சமில்லையோ?"

"உயிரோடை நிண்டால் மீன். செத்தால்தான் மச்சம். நீங்கள் சும்மா இருங்கோ."

"இல்லை, தெரியாமல்தான் கேக்கிறன். அப்ப உந்த மீனுக்கும் இருபத்தஞ்சு நாள் விரதமோ? முடிஞ்சாப் பிறகு அதுகளையும் கூட்டிக்கொண்டு தேருக்குப் போவமோ?"

அம்மா பக்கெற்றை வெளியே கொண்டுபோய் வெட்டிப் பூனைக்குப் போட்டார். பூனைக்கு விரதம் கிடையாது. மிஞ்சியது காய்ந்த கடற்பாசித் தாள்கள் மட்டும். அதன் உறையையும் வாசித்தேன்: கடற்பாசி, வேறொன்றும் இல்லை. அது தேறியது. நானும் சம்மதித்தேன். இருபத்தைந்து நாளில் மீன் சாகாது, பவளத்துக்கு வெளிச்சம் இருக்கிறது, பிறகென்ன?

மீன்கள் சாகவில்லை. பழுப்பு மீன் பாசித் தாளை ஆடு போல மென்றது. கோட்டு மீன்கள் மூன்றும் துணுக்குகளைக் கொத்தித் துப்பி, கொஞ்சம் மெலிந்து, புதருக்குள்ளேயே கிடந்தன. ஆனால் தேருக்கு இரண்டு நாள் இருக்கும்போது மான்கொம்பின் ஊதா நுனிகளைப் பார்த்து நின்றுவிட்டேன். ஊதா என்று சொல்ல ஏதோ இருந்தது, ஆனால் அது ஊதா இல்லை. றோஸ் தட்டு, பால் கூடிப்போன தேத்தண்ணீர் போல இருந்தது. பச்சை உருண்டையின் தோலுக்குக் கீழே வெள்ளை எலும்பு தெரிந்தது.

நீல விளக்கின் கீழ் போன் படம் நிறத்தைச் சரியாகக் காட்டாது. அதனால் அம்மாவின் தையல் டப்பாவை எடுத்தேன். விளக்கை அணைத்து, டோர்ச் வெளிச்சத்தில் கண்ணாடியோடு நூல்கட்டைகளைப் பிடித்துப் பார்த்து, எந்த நூல் எந்தப் பவளத்தோடு ஒத்துப்போகிறது என்று கொப்பியில் ஒவ்வொரு துண்டு நூல் ஒட்டினேன். அடுத்த கிழமையும் ஒட்டினேன். றோஸ் ஒரே கிழமையில் ஒரு நூல் இறங்கியிருந்தது. பயம் ஒரு பக்கம் இருக்க, அந்தக் கொப்பியைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நிறம் போவதை இப்படி அளக்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அந்தக் கிழமை அக்காவின் செய்தி வந்தது: "படம்?"

நான் போனைத் திறந்து, அவர் போக முன்பு எடுத்திருந்த படங்களில் ஒன்றை அனுப்பினேன். ஒரு கிழமைக்குள் சரிப்படுத்திவிட்டு உண்மையான படத்தை அனுப்பலாம் என்று நினைத்தேன். விலங்கியல் படித்தவள் மூன்று மாதம் தாண்ட முதலே தோற்றேன் என்று எப்படிச் சொல்வது? அடுத்த கிழமையும் பழைய படம். அதற்கடுத்த கிழமையும். ஒவ்வொரு தடவையும் அவர் ஒரு பூ அனுப்புவார். அந்தப் பூவைக் கண்டதும் போனை மூடிவிடுவேன்.

முதலில் வெளிச்சத்தைச் சந்தேகித்தேன். பத்து மணித்தியால விளக்கை ஆறாகக் குறைத்தேன். நூல் மாறவில்லை. பிறகு வெக்கையை. தண்ணீர்மேல் மேசை விசிறியைத் திருப்பிவிட்டு, வெப்பமானியைப் பள்ளிக்கூடம் போக முன்பும் வந்த பின்பும் பார்த்தேன். வெப்பம் இறங்கியது, நிறம் ஏறவில்லை. பிறகு தண்ணீரை. வற்றுகிற அளவுக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊரிலேயே நல்ல தண்ணீர் என்று பெயர் எடுத்த கிணறு. ஆனால் எங்கள் தேத்தண்ணீர்க் கேத்திலின் அடியில் வெள்ளைச் சுண்ணாம்பு கட்டிபட்டு நிற்கும். அந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது என்று யோசித்துக்கொண்டு போனால், எங்கள் காலுக்குக் கீழே கிடக்கிற கல்லே ஒரு காலத்தில் கடலுக்குள் சங்கும் சிப்பியும் பவளமுமாக இருந்ததுதான். நாங்கள் குடிப்பது பழைய பவளம் கரைந்த தண்ணீர். இதை அம்மாவிடம் சொன்னேன். "அதுதான் எங்கடை தேத்தண்ணி ருசி," என்றார். நான் கடையில் வடிகட்டிய தண்ணீர் வாங்கி ஊற்றத் தொடங்கினேன். அதற்கும் நூல் மாறவில்லை.

கடைசியாக அக்காவின் சோதனைப் பெட்டியைத் திறந்தேன். தண்ணீரில் கழிவு எவ்வளவு என்று துளி மருந்து விட்டுப் பார்ப்பது. சிவப்பு வந்தால் கழிவு அதிகம், மஞ்சள் வந்தால் இல்லை. குழாயில் தூய மஞ்சள் வந்தது. பூச்சியம். எனக்கு நூற்றுக்கு நூறு வாங்கின மாதிரி இருந்தது. இவ்வளவு துப்புரவாக வைத்திருக்கிறேனே என்று இன்னும் துப்புரவாக்கினேன். இரண்டு கிழமைக்கு ஒருமுறை மாற்றிய தண்ணீரைக் கிழமைக்கு ஒருமுறை மாற்றினேன். அந்த மஞ்சளைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்ப விரல் போனது. அனுப்பினால் மற்றக் கேள்விகளும் வரும் என்று நிறுத்திவிட்டேன். அன்று அனுப்பியிருந்தால் அன்றே பதில் கிடைத்திருக்கும்.

நல்லூர் முடிந்ததும் புதிதாக ஒரு பக்கெற் வாங்கினேன்தான். ஆனால் எங்கள் வீட்டின் அரை வருடம் அப்படிப்பட்டது. புரட்டாதிச் சனி, பிறகு நவராத்திரி, அதோடு கேதார கௌரி விரதம், அது முடியக் கந்தசஷ்டி. இடையில் கிடைத்த நாட்களில் மூன்று நாளுக்கு ஒருமுறை நகத்தளவு றால் போட்டேன். தண்ணீர் பழுதாகிவிடும் என்ற பயம். பூச்சியத்தை விட மனமில்லை.

கார்த்திகை மழை விட்ட ஒரு பின்னேரம். விடைத்தாள் கட்டொன்றை எடுத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தேன். திருத்துவதைவிடத் தொட்டியைப் பார்ப்பதே கூடுதல். நான்கு பவளங்கள் வெளிறிப்போயிருந்தன. மான்கொம்பின் ஒரு நுனி செத்து, வெறும் வெள்ளையில் பச்சைப் பாசி பிடித்திருந்தது. ஆனால் ஐந்தாவது, அந்தப் புதர், நாவல் நிறம் குறையாமல் நின்றது. ஏன்? இதை முன்பும் கவனித்திருந்தேன், கல்லின் நிழலில் இருப்பதால் என்று நினைத்திருந்தேன். அதைச் சோதிக்க றோஸ் தட்டையும் அதே நிழலில், நாலு விரல் தள்ளி வைத்து இரண்டு கிழமை ஆகியிருந்தது. அது வெளிறியபடியே இருந்தது. ஒரே நிழல், ஒரே தண்ணீர். ஒன்றுக்கு நிறம் இருக்கிறது, மற்றதற்கு இல்லை.

கோட்டு மீன் ஒன்று புதருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. அதன் பின்னாலிருந்து ஒரு மெல்லிய நூல் போல எச்சம் இறங்கி, கிளைகளுக்குள் விழுந்து, காணாமல் போனது. நான் விடைத்தாளைக் கீழே வைத்தேன். அரை மணித்தியாலம் பார்த்தேன். மூன்று மீன்களும் அங்கேயே தின்று, அங்கேயே தூங்கி, அங்கேயே கழித்தன. விழுந்தது எதுவும் அடிமணலுக்கு வந்து சேரவில்லை.

நான் தோட்டக்காரரின் மகள். கை தவறிப் பசளை விழாமல் போன பாத்தியில் வெங்காயத்தாள் எப்படி வெளிறி நிற்கும் என்று படிக்காமலே எனக்குத் தெரியும். எங்கள் தோட்டத்தில் யாராவது வந்து "மண்ணில் பசளை பூச்சியம்" என்று சொன்னால் நான் கைதட்டுவேனா? அந்தப் பூச்சியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு மாதம் தலை நிமிர்ந்து திரிந்திருக்கிறேன். தோலுக்குள் இருக்கிற பாசிக்கும் பசளை வேண்டும். மீன் சாப்பிட வேண்டும், மீன் கழிக்க வேண்டும், அதில் கொஞ்சம் பவளத்துக்குப் போக வேண்டும். வெளிச்சம் மட்டும் காணாது. வாய் இருந்தால் சாப்பாடு கேட்கும்.

எழும்பி, வெள்ளை விளக்கைப் போட்டு, அப்படியே ஒரு படம் எடுத்தேன். செத்த நுனியும் தெரிய. அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "நல்லூருக்குப் பிறகு இதுதான் நீர் எடுத்து அனுப்பின முதல் படம்."

அடுத்தது வந்தது: "மற்றப் படங்களை இப்பதான் வடிவாப் பாத்தன், கண்ணாடியிலை என்ரை நீலத் துவாய் தெரியுது. அந்தத் துவாயாலைதான் நான் இப்ப தலை துடைக்கிறன்."

பிறகு போன் அடித்தது.

"மன்னிச்சுக் கொள்ளுங்கோ அக்கா."

"அதைப் பிறகு பாப்பம். கழிவு சோதிச்சனீரோ? எத்தினை?"

"பூச்சியம்."

"ஐயோ! பட்டினி போட்டிருக்கிறீர். எழுதி வைச்சனான் எல்லோ, ரெண்டு நேரம் எண்டு?"

நல்லூர் தொடங்கிக் கந்தசஷ்டி வரை சொன்னேன். மறுபக்கம் ஒரு சிரிப்பை விழுங்குகிற மாதிரிக் கேட்டது. "நான் வந்து கதைக்கிறன். இப்ப சாப்பாட்டைப் போடும். கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டும். ஒரேயடியாக் கொட்டினீரோ, கல்லெல்லாம் பாசி பிடிச்சிடும். மான்கொம்பு தப்புமோ?"

"தெரியாது அக்கா."

"சரி. உண்மையைச் சொல்லுறீர்."

மூன்று கிழமை ஒழுங்காகப் போட்டேன். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். முதல் மாற்றம் நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை. நிறம் வரவில்லை, மண்ணிறம் வந்தது. வெளிறிய பவளங்கள் எல்லாம் அழுக்குப் பிடித்தாற்போல ஆயின. பயந்துபோய் அக்காவிடம் கேட்டேன். தோலுக்குள் பாசி திரும்பக் குடிவருகிறது, நிறம் பிறகுதான் வரும் என்றார். நூல்கொப்பியில் அந்தக் கிழமை தேத்தண்ணீர் நிற நூல் நான்கு ஒட்டியிருக்கிறது. மூன்றாவது கிழமை றோஸ் தட்டின் விளிம்பில், நூல் பருமனுக்கு, றோஸ்.

அப்போதுதான் திருவெம்பாவை வந்தது. மார்கழியில் பத்து நாள், விடியப்புறமே கோவில், வீட்டில் மச்சம் இல்லை. அம்மா துடைக்கிற துணியோடு பிரிட்ஜுக்கு முன்னால் வந்தபோது நான் குறுக்கே நின்றேன்.

"அம்மா, உங்களோடை ஒரு கதை."

நடந்தது முழுவதையும் சொன்னேன். பொய்ப் படங்களையும் சொன்னேன். விஞ்ஞானமும் சொன்னேன், அம்மாவின் முகத்தில் அது ஒட்டவில்லை. பிறகு கையைப் பிடித்துக்கொண்டு போய்த் தொட்டிக்கு முன்னால் நிறுத்தினேன். அப்பாவும் பின்னால் வந்தார்.

அம்மா குனிந்து பார்த்தார். "உது மட்டும் ஏன் வடிவா நிக்குது?"

"அந்தக் கோடு போட்ட மீனெல்லாம் அதுக்குள்ளைதான் பீ கழிக்குது."

"சீ!"

"எரு எண்டு சொல்லு பிள்ளை. கேக்க மரியாதையா இருக்கும்," என்றார் அப்பா.

"இப்ப பத்து நாள் நிப்பாட்டினால் வந்த நிறமும் போயிடும், அம்மா. தையிலை அக்கா வாறா. அவவின்ரை பொருள். நான் பாக்கிறன் எண்டு வாய் குடுத்தனான்."

அம்மா நிமிர்ந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். அக்காவின் கட்டில், அக்காவின் அலுமாரி, அக்கா ஒட்டிய தாள்.

"இந்த அறைக்கு வாடகை வருதெல்லோ?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"வருது."

"அப்ப இது எங்கடை வீடில்லை. வாடகைக்கு விட்ட இடத்திலை ஆக்கள் என்ன செய்யினம் எண்டு நாங்கள் பாக்கிறேல்லை. ஆனால் என்ரை பிரிட்ஜிலை வைக்கக் கூடாது. வெளி வாசலாலை போ, வெளி வாசலாலை வா. குடுத்திட்டுக் கிணத்தடியிலை தலை முழுகாமல் குசினிப் படி மிதிக்கக் கூடாது."

"ரெண்டு நேரமும் முழுகிறதோ? மார்கழியிலையோ?"

"வாய் குடுத்தது நீ."

அப்படியே நடந்தது. சாப்பாட்டை, குளிர் போகாத றெஜிபோம் பெட்டியில் ஐஸ் நிரப்பி அக்காவின் அறையில் வைத்தேன். ஐஸ் எங்கள் பிரிட்ஜில் செய்ததுதான், ஐஸ் மச்சமில்லை என்று தீர்ப்பு. காலையில் வெளி வாசலால் போய்ச் சாப்பாடு போட்டு, கிணற்றடியில் நடுங்கிக்கொண்டு முழுகி, பள்ளிக்கூடம் போவேன். பின்னேரம் திரும்பவும். அப்பா மாட்டுக்கு வைக்கோல் போட்டபடி கேட்பார்: "பிள்ளை, நீ விரதமோ, பவளம் விரதமோ?" நான்காம் நாள் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகியது. ஐந்தாம் நாள் கிணற்றடியில் ஒரு பெரிய பானையில் சுடுதண்ணீர் இருந்தது. பானையின் அடியில் அம்மாவின் அடுப்புக் கரி.

தைப்பொங்கல் முடிந்து இரண்டாம் கிழமை அக்கா வந்தார். பையைக்கூட வைக்காமல் தொட்டிக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். நான் பின்னால் நின்றேன். றோஸ், பழைய நூலுக்கு ஒரு நூல் கீழே. பச்சை முழுதாக வந்திருந்தது. செம்மஞ்சள் முன்பைவிடச் சிவப்பு, அது ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மான்கொம்பில் ஒரு கிளை செத்தது செத்ததுதான். மற்றக் கிளைகளின் நுனிகளில் ஊதா, மங்கலாக, ஆனால் ஊதா.

நான் கொப்பியை நீட்டினேன். அவர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். நூல்கள் கீழே இறங்கி, மண்ணிறமாகி, திரும்ப ஏறுவதை விரலால் தடவிக்கொண்டு போனார்.

"இதை எனக்குத் தாறீரோ?"

"கிளை செத்துப் போச்சு அக்கா."

"கண்டனான். கவலைதான்." கொஞ்ச நேரம் அந்த வெள்ளைக் கிளையையே பார்த்தார். பிறகு எழும்பினார். "அதிலை என்ரை பிழையும் இருக்கு. உமக்கு ஒண்டு சொல்லாமல் போயிட்டன்."

அம்மா தேத்தண்ணீரோடு வாசலில் நின்றார். அக்கா அவரைக் கண்டு தயங்கி, பிறகு சொல்லியேவிட்டார்.

"அன்ரி, கோவிக்கக் கூடாது. போன முறை நல்லூருக்கு நான் இஞ்சை இருந்தனான் எல்லோ? அப்பவும் மீனுக்கு றால்தான் குடுத்தனான். உங்கடை பிரிட்ஜிலைதான் இருந்தது. வெள்ளைப் பெட்டியிலை போட்டு 'கண் மருந்து, குளிரிலை வைக்கவும்' எண்டு இங்கிலீசிலை எழுதி ஒட்டினனான்."

எனக்கு அந்தப் பெட்டி ஞாபகம் வந்தது. பாலுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் அதை வாசித்திருக்கிறேன். பாவம், யாரோ நோயாளிக்கு, என்று நினைத்துக் கவனமாகத் தள்ளியும் வைத்திருக்கிறேன்.

அம்மா தட்டை மேசையில் வைத்தார்.

"தெரியும் பிள்ளை. கண் மருந்து றால் மணக்குமே?"

நாங்கள் இரண்டு பேரும் அம்மாவைப் பார்த்தோம்.

"பிறகேன் அம்மா இந்த முறை..." என்றேன்.

"இந்த முறை நீயெல்லோ எழுத்துக் கூட்டி உரத்து வாசிச்சாய். றால், கணவாய், மீனெண்ணெய் எண்டு. சாமியறைக்குக் கேக்க. வாசிச்சாப் பிறகு நான் என்ன செய்யிறது? மச்சமோ எண்டு கேட்டால் 'தெரியாதம்மா' எண்டு சொல்லுவாய் எண்டு பாத்தன்."

அக்கா சிரிக்கத் தொடங்கினார். அப்பாவின் சிரிப்பு வெளியில், மாட்டுக்கொட்டில் பக்கமிருந்து கேட்டது. எனக்குச் சிரிப்பு வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

அக்கா இன்னும் எங்கள் அறையில்தான் இருக்கிறார். மான்கொம்பின் செத்த கிளையை ஒடித்து எறிந்தோம். அந்த இடத்தில் புதுத் தோல் மூடிக்கொண்டு வருகிறது, எவ்வளவு வேகமாக என்று நான் கொப்பியில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். இந்த ஆடியில் புதுப் பக்கெற் ஒன்றை நான்தான் வாங்கி வந்தேன். உறையில் பொடி எழுத்து, பழக்கத்தில் வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.

குசினியிலிருந்து அம்மா கத்தினார்: "வாசியாதை! சும்மா வை!"